நாலு சீர், மூணு சீர்: எங்கள் ஏஐ பயிற்சி

போன வருடம் காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, செயற்கை நுண்ணறிவு பற்றி மூன்று நாள் பயிற்சி என்று அழைப்பு வந்தது. பள்ளிக்கு ஓர் ஆசிரியர், கூடவே தலைமையாசிரியரும் வர வேண்டும். நான் எங்கள் தமிழாசிரியையை அழைத்துக்கொண்டு போனேன். கணினி தெரிந்த கணக்கு சாரை விட்டுவிட்டு இவரையா என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள். பாடம் நடப்பது தமிழில். கேட்டதற்குப் பதில் எழுதித் தரும் இந்த ஏஐ கருவியின் தமிழ் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் எங்கள் பள்ளியில் இல்லை.

முதல் நாள் காலை அறிமுக உரைகளிலேயே போய்விட்டது. யுனெஸ்கோ 2024-ல் ஆசிரியர்களுக்கான ஏஐ திறன்கள் என்று 15-ஐ வரையறுத்திருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். மதியத்துக்கு மேல்தான் கணினி முன்னால் உட்காரவைத்தார்கள்.

எங்கள் டீச்சர் முதலில் கேட்டது, பள்ளிக்கு நேரத்தோடு வருவது பற்றிக் காலை வழிபாட்டில் சொல்ல ஒரு திருக்குறள். உடனே இரண்டு அடி வந்தது. பொருளும் அழகாக இருந்தது. காலமறிதல் அதிகாரம், குறள் 497 என்று கீழே போட்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் அதை எழுதிக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டார்கள். டீச்சர் மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். “மேடம், குறள்னா முதல் அடியில நாலு சீர், ரெண்டாவதுல மூணு. இதுல ரெண்டுலயும் நாலு இருக்கு. காலமறிதல் 490-ஓட முடிஞ்சிடும். 497 இடனறிதல்ல வரும்.”

அப்படி ஒரு குறளே கிடையாது.

பயிற்சி தந்த கருத்தாளர் அதைப் பெரிய திரையில் போட்டு விளக்கினார். இது புத்தகத்தைப் புரட்டி எடுத்துத் தருவதில்லை. சொல்லின் ஒரு துண்டு வந்தால் அடுத்து எந்தத் துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கோத்துக்கொண்டே போகிறது. குறள் மாதிரி ஒன்று வேண்டும் என்றால் குறள் மாதிரி ஒன்று வந்துவிடும். ஒரே செய்தியை ஆங்கிலத்திலும் தமிழிலும் கொடுத்து, தமிழ் எழுத்து எத்தனை அதிகத் துண்டுகளாக உடைகிறது என்றும் காட்டினார். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே மூன்று நாளும் தகும். எந்தக் கையேட்டை வாசித்திருந்தாலும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்காது.

இரண்டாம் நாள் தவறு என்னுடையது. பத்தாம் வகுப்பு காலாண்டு மதிப்பெண் பட்டியலை எடுத்துப் போயிருந்தேன். எந்தப் பாடத்தில் யாருக்குக் கூடுதல் பயிற்சி தேவை என்று பிரித்துத் தரச் சொல்லலாம் என்பது எண்ணம். பெயர், பிறந்த தேதி எல்லாம் இருந்த பட்டியலை ஒட்டி, அனுப்பும் பொத்தானை அழுத்தப் போகும்போது கருத்தாளர் கையைப் பிடித்து நிறுத்தாத குறைதான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர்கள் குழந்தைகள். அவர்கள் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. அந்தப் பிள்ளைகளை நம்பி நம்மிடம் விட்டிருக்கிறார்கள் இல்லையா? அப்புறம் பெயர்களையும் தேதிகளையும் நீக்கி, 1, 2, 3 என்று போட்டுச் செய்தோம். எந்த எண் யாருடையது என்பது என் நோட்டில் மட்டும் இருக்கிறது.

தலைமையாசிரியரும் இந்தப் பயிற்சியில் கட்டாயம் உட்கார வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பாடக்குறிப்பு தயாரிக்க ஆசிரியர்கள் தாங்களே கற்றுக்கொள்வார்கள். எதை அந்தப் பெட்டிக்குள் போடக் கூடாது, எந்த வகுப்பில் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது என்பதைப் பள்ளியில் ஒருவர் பொறுப்பேற்று முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகள் வகுப்பறையில் தாங்களாக இதைப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயதாவது ஆகட்டும் என்று யுனெஸ்கோ 2023-ல் பரிந்துரைத்திருக்கிறது. எங்கள் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதற்கும் சின்னவர்கள். ஆகவே ஆசிரியர் திரையில் காட்டுவதோடு சரி என்று வைத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் சான்றிதழோடு முடிந்தது. உண்மையான வேலை திரும்பி வந்த பிறகு ஆரம்பித்தது.

பள்ளியில் சனிக்கிழமை ஒன்றில் ஹைடெக் லேபில் எல்லோரையும் உட்காரவைத்தோம். எங்கள் சயின்ஸ் சார் ஓய்வுபெற இரண்டு வருடம்தான் இருக்கிறது. “எனக்கு எதுக்கு மேடம்?” என்று கதவோரமே நின்றார். பாடக்குறிப்பு கேட்டுப் பாருங்கள் என்றால் வரமாட்டார் என்று தெரியும். தாவரங்களின் சுவாசத்தைப் பற்றிப் பிள்ளைகள் எப்படியெல்லாம் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்று அதனிடம் கேளுங்கள், அது சொல்வது சரியா என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

எட்டு வரிகள் வந்தன. தாவரம் இரவில் மட்டும்தான் சுவாசிக்கும் என்று நினைப்பது முதல் வரியிலேயே இருந்தது. சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். இரண்டை அடிக்கச் சொன்னார். “நம்ம பசங்க சொல்றது இதுல இல்லையே” என்றார்.

அச்செடுத்த தாளில் ஒன்பதாவது வரியாக அவரே பேனாவால் எழுதினார்: ராத்திரி புளியமரத்தடியில் படுத்தால் பேய் வந்து அமுக்கும். அடுத்த திங்கள்கிழமை அவர் பாடத்தை அந்த வரியிலிருந்துதான் ஆரம்பித்தார்.