உப்பு எதுவரை

இன்று காலை தலைஞாயிறு பக்கம் அடப்பாற்றங்கரையில் மாமா ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்தார். தூ என்று துப்பிவிட்டு, "நேத்து அந்தப் பனமரம் வரைக்கும்தான் இருந்துச்சு" என்றார்.

உப்பைச் சொல்கிறார்.

ஆற்றில் வரத்து இருந்தால் கடல் தண்ணீர் கீழேயே நிற்கும், வரத்து குறைந்தால் மேலே ஏறும், இரண்டும் சந்திக்கிற இடம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சம்பளம் வாங்குவதே இந்தக் கணக்குக்குத்தான்.

எக்மோ தெரியும்தானே, ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றி உடம்புக்கே திருப்பி அனுப்பும் இயந்திரம், 2020-ல் எஸ்.பி.பி. மருத்துவமனையில் இருந்தபோது நம் வீடுகளுக்குள் வந்த சொல். அதில் இதயத்துக்கும் சேர்த்துக் கைகொடுக்கும் ஒரு வகை உண்டு. அந்த வகையில் ஆக்சிஜன் ஏற்றிய ரத்தத்தைப் பெரும்பாலும் தொடைத் தமனி வழியாகக் கீழிருந்து மேலே தள்ளுவார்கள். இதயம் தன்னால் முடிந்ததை மேலிருந்து தள்ளும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனியில் எங்கோ இரண்டும் முட்டிக்கொள்ளும். இதயம் தேறத் தேற அந்த இடம் கீழே இறங்கும். நுரையீரல் மட்டும் இன்னும் தேறவில்லை என்றால் மூளைக்குப் போவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். காலில் அளந்தால் எல்லாம் சரியாகத் தெரியும்.

அதனால்தான், இதயம் தள்ளும் ரத்தம் முதலில் போய்ச் சேரும் வலது கையில் அளப்பார்கள். மாமா நாக்கு மாதிரி.

நாங்கள் ஸ்கேனிலிருந்து தமனியின் வடிவத்தை எடுத்து, லட்சக்கணக்கான கட்டங்களாக நறுக்கி, திரவம் ஓடுவதைக் கணக்கிடும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டைப் போட்டு, முட்டுகிற இடத்தைக் கம்ப்யூட்டரில் தேடுவோம். நாலைந்து துடிப்புக்கே ராத்திரி முழுக்க ஓடும்.

மாமாவிடம் சொன்னேன். "மேலேருந்து எவ்வளவு வருதுன்னு தெரியாம எப்படிடா சொல்லுவ?" என்றார்.

எங்கள் தலைவலியே அதுதான். சோர்ந்துபோன அந்த இதயம் எவ்வளவு தள்ளுகிறது என்பது.