தைப்பூசத்திலிருந்து பின்னோக்கி எண்ணும் விரிதாள்

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயிஸின் தெருக்களை வெள்ளக்காடாக்கிய நேரத்தில், நான் காத்ர் போர்னில் வீட்டுக்குள் அடைந்து கிடந்து நோட்டுப் புத்தகத்தில் தேதிகளை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தேன். தைப்பூசக் காவடிக்குப் பத்தே நாள்கள். பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். மாலையில் தனி வகுப்பு ஒன்று உண்டு. கோயிலில் பெண்கள் குழு ஏழு கறி சமைப்பதற்கான சாமான் பட்டியலும் என் தலையில்தான். ஒரு நாள் தடைபட்டால் நோட்டில் ஒரு பக்கம் முழுவதையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. அந்த ஆண்டுக் கடைசியில், பள்ளி விடுமுறை தொடங்கியதும் நோட்டுக்குப் பதிலாக எக்செல் விரிதாளில் உட்கார்ந்தேன்.

முதல் தவறு என் தமிழ்ப் பற்று. தேதிகளைத் தமிழிலேயே தட்டச்சு செய்தேன்: 'பிப்ரவரி 11', 'ஏப்ரல் 4' என்று. வரிசைப்படுத்தச் சொன்னதும் அக்டோபர் முதலில் வந்தது, பிறகு ஆகஸ்ட், பிறகு ஏப்ரல். அகர வரிசை பிசகவே இல்லை, தமிழ் ஆசிரியைக்கு அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் எக்செலுக்குத் தேதி என்பது ஓர் எண். 1900 ஜனவரி 1 அதற்கு 1. அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் 2023 மார்ச் 15 அதற்கு 45000. நான் எழுதியவை எல்லாம் வெறும் சொற்கள். தேதியாக ஏற்றுக்கொண்டதைக் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி வைக்கும், சொல்லாகப் பார்ப்பதை இடப்பக்கம் ஒட்டி வைக்கும். இதைக் கவனிக்கப் பழகிய பிறகு என் எரிச்சலில் பாதி குறைந்தது.

மீதிப் பாதி பிரெஞ்சால் வந்தது. என் மடிக்கணினி பிரெஞ்சில் இயங்குகிறது. ஆங்கில விளக்கத்தைப் பார்த்து, வேலைநாள்களை மட்டும் எண்ணும் 'வொர்க்டே' சூத்திரத்தை எழுதினால் பிழை என்றது. பிரெஞ்சு எக்செலில் அதன் பெயர் 'செரி.ஜூர்.ஊவ்ரே'. பெயரை மாற்றினேன், மறுபடியும் பிழை. பிரெஞ்சில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போடுவதால், சூத்திரத்துக்குள் பிரிப்பதற்கு அரைப்புள்ளிதான் செல்லும். இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை போயிற்று. பிறகு அதே கோப்பைத் தம்பியின் ஆங்கிலக் கணினியில் திறந்தபோது, பெயர்களும் காற்புள்ளிகளும் தாமாகவே ஆங்கிலத்துக்கு மாறி அமைதியாக உட்கார்ந்திருந்தன. அந்த மாலையை யாரிடம் போய்க் கேட்பது?

நாள்காட்டிச் செயலிகள் எனக்கு ஒத்துவராமல் போனதற்குக் காரணம், என் வேலைகள் எதுவும் 'இந்தத் தேதியில்' என்று நிற்பதில்லை. காவடிக்கு இத்தனை நாள் முன்பு, பள்ளி திறந்து இத்தனை நாள் கழித்து என்றுதான் நிற்கின்றன. மொரீஷியஸில் ஜனவரி 1, 2, பிப்ரவரி 1, மார்ச் 12, மே 1, நவம்பர் 2, டிசம்பர் 25 ஆகிய விடுமுறைகள் அசையாதவை. தைப்பூசம், மகா சிவராத்திரி, சீனப் புத்தாண்டு, உகாதி, விநாயகர் சதுர்த்தி, தீபாவளி எல்லாம் ஆண்டுதோறும் இடம் மாறும். ரமலான் பெருநாளோ பிறை தெரிந்த பிறகுதான் உறுதியாகும். எனவே ஒரு தாளில் விடுமுறைகளை மட்டும் எழுதினேன். இன்னொரு தாளில் வேலை, எந்த நாளைச் சார்ந்தது, எத்தனை நாள் முன்போ பின்போ, முடிந்ததா என்ற நான்கை நான் நிரப்புவேன். தேதியைச் சூத்திரம் நிரப்பும். முன்னுரிமை, சதவீதம் என்று முதலில் வைத்திருந்த நெடுவரிசைகளை ஒரே வாரத்தில் அழித்துவிட்டேன். எல்லா வேலைக்கும் 'அவசரம்' என்று எழுதுகிறவளுக்கு அவற்றால் என்ன பயன்?

பள்ளி வேலைக்கு வேலைநாள் கணக்கு. விடுமுறைத் தாளைக் காட்டிவிட்டால் சூத்திரமே சனி, ஞாயிறோடு அவற்றையும் தாண்டிவிடும். விரதத்துக்கு அப்படி இல்லை, எல்லா நாளும் நாள்தான். 2025 பிப்ரவரி 11 காவடி. பத்து நாள் விரதம் என்பதால் பத்தைக் கழித்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "கொடியேற்றம் ஞாயிற்றுக்கிழமை அல்லவா, இதில் ஏன் சனிக்கிழமை?" என்று கிரியோல் மொழியில் கேட்டார். கொடியேற்றும் நாள் முதல் நாள், காவடி நாள் பத்தாவது நாள். கழிக்க வேண்டியது ஒன்பது. கணினியைத் தொட்டறியாத அம்மா விரல் விட்டு எண்ணியே பிடித்துவிட்டார்.

இன்றைய வேலை வரிசை மஞ்சளாக வேண்டும் என்று நிற விதி போட்டபோது ஒரே ஒரு கட்டம்தான் மஞ்சளானது. சூத்திரத்தில் நெடுவரிசை எழுத்துக்கு முன் டாலர் குறி சேர்த்ததும் முழு வரிசையும் நிறம் மாறியது.

மிகப் பெரிய விபத்து ஜனவரி நடுவில். அப்போது சில தேதிகளை இன்னும் கையால்தான் எழுதி வைத்திருந்தேன். தேதி நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினேன். பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்க்கட்டுமா என்று அது கேட்டது. படிக்காமலேயே வேண்டாம் என்றேன். தேதிகள் நகர்ந்தன, வேலைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. சேமித்து மூடியும் விட்டேன். இரண்டு நாள் கழித்து, வாழையிலைக்குச் சொல்லிவைக்க வேண்டிய நாளில் 'மூன்றாம் வகுப்பு எழுத்துப் பயிற்சி' என்றிருந்ததைப் பார்த்துத்தான் வயிறு கலங்கியது. பழைய நோட்டைத் தேடி எடுத்து, ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டு மீட்டேன். அன்றே எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாக மாற்றினேன். அட்டவணைக்குள் வரிசைப்படுத்தினால் முழு வரிசையும் சேர்ந்தே நகரும்.

பிறகு புயலுக்காகப் பள்ளி மூடிய ஒரு நாளை விடுமுறைத் தாளில் சேர்த்துப் பார்த்தேன். பின்னால் வரும் வேலைகள் ஒரு நாள் தள்ளிப்போயின. தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிய ஒரு வேலையோ முன்னால் இழுபட்டு, நேற்றே தொடங்கியிருக்க வேண்டும் என்று சிவப்பில் நின்றது. கணக்கு சரிதான். அன்றிரவு வினாத்தாளை எழுதி முடித்தேன்.

2026க்கு ஒரே கட்டத்தை மாற்றினேன்: பிப்ரவரி 1. அடிமை முறை ஒழிப்பு நாளும் தைப்பூசமும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில். கொடியேற்றம் ஜனவரி 23, வெள்ளி என்று காட்டியது. அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்துவிட்டு, "எலுமிச்சம்பழம் எங்கே?" என்றார். வேலையே பட்டியலில் இல்லை. காவடிக்கு மூன்று நாள் முன்பு என்று ஒரு வரிசை சேர்த்து, மறுபடியும் அச்செடுத்தேன்.