‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ தேர்வுக்கு: 11ஆம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள்

ஹார்ப்பர் லீயின் இந்த நாவலிலிருந்து எந்தக் கட்டுரைக் கேள்வி வந்தாலும் பெரும்பாலும் துணிச்சல், அநீதி, பிள்ளைகள் வளர்வது என்ற மூன்றில் ஒன்றைத் தொட்டுத்தான் வரும். கடையில் கிடைக்கும் நோட்ஸ் இவற்றை மூன்று தனித் தலைப்புகளாகப் பிரித்துத் தந்துவிடும். அதை அப்படியே மனப்பாடம் செய்து போகிறவர்கள் கேள்வி கொஞ்சம் திரும்பினாலும் திணறிப்போவார்கள். நாவலில் மூன்றும் ஒரே கயிற்றின் இழைகள். எதைத் துணிச்சல் என்று நினைக்கிறார்கள் என்பது மாற மாறத்தான் வக்கீல் அட்டிகஸின் பிள்ளைகளான ஜெம்மும், கதையைச் சொல்லும் அவன் தங்கை ஸ்கவுட்டும் வளர்கிறார்கள். அந்த எண்ணத்தை மாற்றுவது அவர்கள் கண்ணெதிரே நடக்கும் அநீதி. இந்த ஒரு வரி மனதில் இருந்தால் எந்தக் கேள்விக்கும் விடையை அதிலிருந்து பின்னலாம்.

மொத்தம் 31 அத்தியாயங்கள். முதல் 11 அத்தியாயங்கள் முதல் பாகம். மயெல்லா என்ற வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக டாம் ராபின்சன் என்ற கறுப்பினத்தவர் மேல் போடப்பட்ட வழக்கில் அட்டிகஸ் அவருக்காக வாதாடுகிறார். அந்த விசாரணை 17 முதல் 21 வரை. நேரம் இல்லாதவர்கள் நேரே 17க்குத் தாவுவது வழக்கம். முதல் பாகம் வெறும் குழந்தை விளையாட்டு என்ற நினைப்புதான் காரணம். உண்மையில் விசாரணையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று வாசகருக்கு அங்கேதான் பாடம் நடக்கிறது. அவகாசம் குறைவு என்றால் 9, 10, 11 மூன்றையாவது முழுதாகப் படித்துவிட்டு விசாரணைக்குப் போங்கள்.

10ஆம் அத்தியாயத்தில் வெறி பிடித்த நாயை அட்டிகஸ் ஒரே தோட்டாவில் வீழ்த்துகிறார். அப்பாவுக்கு இப்படிக் குறி தெரியும் என்பதே தெரியாத ஜெம் பூரித்துப்போகிறான். அடுத்த அத்தியாயத்திலேயே ஆசிரியர் அந்தப் பூரிப்பைக் கலைக்கிறார். அதே தெருவில் இருக்கும் மிஸஸ் துபோஸ், கறுப்பினத்தவருக்காக வழக்காடுகிறார் என்று அட்டிகஸை வாய்க்கு வந்தபடி ஏசுகிறாள். ஆத்திரத்தில் ஜெம் ஸ்கவுட்டின் பேட்டன் குச்சியைப் பிடுங்கி அவளுடைய கமீலியாப் பூச்செடிகளை வெட்டிச் சாய்க்கிறான். பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் புத்தகம் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது தண்டனை. அங்கே ஓர் அலாரம் கடிகாரம். நாளுக்கு நாள் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதித்து அடிக்கிறது. மார்ஃபின் பழக்கத்தை விட்டுவிட்டுத்தான் சாக வேண்டும் என்று கிழவி ஒவ்வொரு நிமிடமாகத் தள்ளிப்போட்டிருக்கிறாள் என்பது அவள் இறந்த பிறகுதான் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. துப்பாக்கி பிடித்தவன் துணிச்சல்காரன் அல்ல, தோற்போம் என்று தெரிந்தே தொடங்கி முடிவுவரை நிற்பதுதான் துணிச்சல் என்று அட்டிகஸ் ஜெம்மிடம் சொல்வது இந்த இடத்தில்.

இதுவரை எல்லாரும் எழுதிவிடுவார்கள். கூடுதல் மார்க் அடுத்த படியில் இருக்கிறது. மிஸஸ் துபோஸ் இனவெறி பிடித்தவள். துணிச்சலுக்கான இலக்கணத்தை ஆசிரியர் ஒரு நல்லவரிடம் வைக்காமல் இப்படிப்பட்ட ஒருத்தியிடம் வைக்கிறார். துணிச்சல் வேறு, நியாயம் வேறு என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்லும் இடம் நாவலில் இல்லை. 9ஆம் அத்தியாயத்தில், இந்த வழக்கில் ஜெயிக்க மாட்டோம் என்று அட்டிகஸ் ஏற்கெனவே ஸ்கவுட்டிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே கிழவியைப் பற்றிச் சொல்லும்போது அவர் தன்னையும் சேர்த்தே சொல்கிறார். இரண்டையும் ஒரே பத்தியில் இணைத்து எழுதுங்கள்.

விசாரணையில் இடம் வலம் குழம்பினால் வாதமே விழுந்துவிடும். ரஃப் ஷீட்டில் எதிரெதிரே நிற்கும் இரண்டு உருவங்களை வரைந்து பாருங்கள். மயெல்லாவின் வலது கண்தான் வீங்கியிருந்தது. ஷெரிஃப் ஹெக் டேட் முதலில் இடது என்கிறார், பிறகு யோசித்துத் திருத்திக்கொள்கிறார். எதிரே நிற்பவர் இடது கையால் அடித்தால்தான் அடி அந்தப் பக்கம் விழும். டாம் ராபின்சனின் இடது கை 12 வயதில் பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கி முடமானது. மயெல்லாவின் அப்பா பாப் யூவெல் இடது கையால் கையெழுத்துப் போடுகிறான். டாக்டரை யாரும் அழைக்கவே இல்லை. இவ்வளவையும் வைத்து ‘யூவெல்தான் அடித்தான் என்று நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதாதீர்கள். சாட்சியம் அந்தப் பக்கம் கைகாட்டுகிறது, அவ்வளவுதான். இன்னொரு பிழை, அட்டிகஸ் தானாக முன்வந்து வழக்கை எடுத்தார் என்பது. நீதிபதி டெய்லர்தான் அவரை நியமிக்கிறார்.

அநீதி பற்றிய கேள்வி என்றால் டாம் குற்றவாளி என்ற தீர்ப்பை விட 19ஆம் அத்தியாயத்தில் ஒரு வரியைப் பிடியுங்கள். ஏன் மயெல்லாவுக்கு உதவினாய் என்ற கேள்விக்கு, அவள்மேல் பரிதாபமாக இருந்தது என்று டாம் சொல்லிவிடுகிறார். அரசு வக்கீல் கில்மர் அந்தச் சொல்லைத்தான் கவ்விக்கொள்கிறார். கறுப்பின மனிதர் ஒருவர் வெள்ளைக்காரப் பெண்மேல் இரக்கப்படுவதே அந்த ஊருக்குப் பொறுக்காத குற்றம். சாட்சியம் எத்தனை பலமாக இருந்தும் அது ஏன் எடுபடவில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

வரலாற்றுப் பின்னணிக்கு இரண்டு வாக்கியம் போதும். கதை நடப்பது அலபாமாவில், 1933 முதல் 1935 வரை. புத்தகம் வந்தது 1960இல். 1931இல் அதே மாநிலத்தில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மேல் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் பொய்க் குற்றம் சாட்டிய ஸ்காட்ஸ்பரோ வழக்கைச் சொல்லலாம். இல்லையென்றால் நாவல் வெளிவருமுன் நடந்த 1955-56 மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்பைச் சொல்லலாம். அலபாமாவில் பெண்களுக்கு ஜூரியில் இடம் கிடைத்ததே 1966இல்தான் என்பதும் கைவசம் இருக்கட்டும். நம்மூர் சாதிக் கொடுமையோடு ஒப்பிடத் தோன்றும், தோன்ற வேண்டியதுதான். ஆனால் தேர்வில் ஒரு வரிக்கு மேல் போனால் கேள்வியை விட்டு விலகிவிடுவீர்கள். புராஜெக்ட் கட்டுரைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ச்சியைக் காட்ட அழுகைக் காட்சிகளையே எல்லாரும் தேடுகிறார்கள். 22ஆம் அத்தியாயத்துக் கேக்கை எடுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு மிஸ் மோடி எப்போதும் ஜெம், ஸ்கவுட், அவர்கள் நண்பன் டில் மூவருக்கும் ஆளுக்கொரு சின்ன கேக் செய்வாள். தீர்ப்புக்கு மறுநாள் மேசையில் ஒரு பெரிய கேக்கும் இரண்டே இரண்டு சின்ன கேக்குகளும் இருக்கின்றன. ஜெம்முக்குப் பெரியதிலிருந்து ஒரு துண்டு வெட்டித் தருகிறாள். ஒரு வார்த்தை பேசாமல் அவனைப் பெரியவர்கள் வரிசையில் சேர்த்துவிடுகிறாள். ஸ்கவுட்டுக்கு 24ஆம் அத்தியாயம்: டாமைச் சிறைக் காவலர்கள் சுட்டுக் கொன்றுவிட்ட செய்தி சமையலறைக்கு வந்த மறுகணம், அத்தை தட்டை ஏந்தி விருந்தினரிடம் நடப்பதைப் பார்த்துத் தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போகிறாள். சிறுமியின் கண்ணில் படுவதும் வளர்ந்தவளாக அதைச் சொல்பவளுக்குத் தெரிவதும் ஒன்றல்ல என்று ஒரு வரி சேர்த்தால் கதைசொல்லும் முறை பற்றியும் எழுதியதாகிவிடும்.

45 நிமிட விடைக்கு 6 நிமிடம் திட்டம், 35 நிமிடம் எழுத்து, மீதி சரிபார்க்க. மூன்று அல்லது நான்கு காட்சிக்கு மேல் வேண்டாம். மேற்கோள் ஐந்தாறு சொல்லோடு நிற்கட்டும். நீளமாக எழுதி நடுவில் ஒரு சொல் மறந்தால் அதிலேயே நேரம் போய்விடும். அட்டிகஸை மட்டும் தூக்கிப்பிடிக்காமல் ஒரு பத்தியை மாற்றுப் பார்வைக்கு ஒதுக்குங்கள். கறுப்பினத்தவரைக் காப்பாற்ற ஒரு வெள்ளைக்கார வக்கீல், பேச அதிகம் இடம் கிடைக்காத டாம் என்ற குறை விமர்சகர்கள் சொல்வதுதான். அதற்கு எதிரே 12ஆம் அத்தியாயத்தை வைக்கலாம்: டாமின் மனைவிக்காகப் பத்து டாலர் சேரும்வரை பாதிரியார் சைக்ஸ் தேவாலயக் கதவை மூடிவைக்கிறார். அந்த ஏழைச் சபையின் துணிச்சலை விடைத்தாளில் அநேகமாக யாரும் தொடுவதில்லை.

நாவலில் வரும் இழிசொல்லை விடையில் திரும்ப எழுத வேண்டிய தேவையே இல்லை, ‘அந்த வசைச்சொல்’ என்று குறிப்பிட்டாலே போதும். மாக்கிங்பேர்ட் மற்ற பறவைகளின் குரலில் பாடும் அமெரிக்கப் பறவை, குயில் என்று மொழிபெயர்த்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அதைக் கொல்வது பாவம் என்பவர் அட்டிகஸ், காரணம் சொல்பவள் மிஸ் மோடி. வால்டர் கன்னிங்ஹாம் என்ற பெயர் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒன்றே. கடைசியாகப் பெயர்களை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: டிம் ஜான்சன் அந்த வெறிநாய், டாம் ராபின்சன் குற்றம் சாட்டப்பட்டவர். அவசரத்தில் இரண்டும் மாறினால் அட்டிகஸ் தன் கட்சிக்காரரையே சுட்டுக் கொன்றதாகிவிடும்.