விரல்களைப் பார்த்தால் போதும்

குழந்தைகள் வார்டுக்கு மாவுக்கட்டோடு ஒரு பிள்ளை வந்தால், நான் முதலில் பார்ப்பது கட்டை அல்ல, அதற்கு வெளியே தெரியும் விரல்களை. நகத்தை லேசாக அழுத்தினால் வெளுக்கும். விட்டதும் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். அடிபடாத மறுபக்கத்து விரல்களோடு ஒப்பிடுவேன். அப்புறம் தொட்டுப் பார்ப்பேன், சில்லென்று இருக்கிறதா என்று. "கட்டைவிரலை ஆட்டு, பார்ப்போம்" என்றால் பெரும்பாலும் ஆட்டிவிடுவார்கள்.

பேச்சு வராத குழந்தைதான் கஷ்டம். மரத்துப்போகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது, அழத்தான் தெரியும். வலி மருந்து கொடுத்தும் அழுகை ஏறிக்கொண்டே போனால், விரலை மெல்ல நீட்டும்போது துடித்தால், அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க மாட்டேன். உடனே டாக்டரைக் கூப்பிடுவேன். உள்ளே வீக்கம் கூடி, தசைக்கு ரத்தம் போகாமல் நெரிபடலாம். நாடி கிடைக்கிறதே என்று ஆறுதல்படக் கூடாது. நாடி அடங்குவது கடைசியில்தான்.

அரிப்புக்கு ஸ்கேலை உள்ளே விடும் பெற்றோரோடு தினமும் மல்லுக்கட்டு. வேண்டாம், தோல் கீறிப் புண்ணாகும்.

கட்டுப் போட்ட பிள்ளைகள் மட்டுமல்ல, வலிப்பு வரும் பிள்ளைகளும் வார்டில் உண்டு. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் அவசரம்.

எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்குக் கிருமித் தொற்று வந்தால், காய்ச்சல் மட்டுமே ஒரே அறிகுறியாக இருக்கலாம். அதனால்தான் கை கழுவாமல் கொஞ்ச வரும் உறவினர்களை வாசலிலேயே நிறுத்துகிறேன். கோபப்பட்டால் படட்டும்.