அவருக்காக நான் பேசியது

அகதிக் கோரிக்கையாளர் ஒருவரால் தன் விசாரணையின் தன்மையை விளங்கிக்கொள்ள முடியவில்லை என்று கண்டால், அவருக்குப் பிரதிநிதி ஒருவரை, கோரிக்கையை விசாரிக்கும் குடிவரவு மற்றும் அகதிகள் சபை நியமிக்க வேண்டும் என்கிறது கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 167ஆம் பிரிவு. நான் அண்ணை என்று அழைத்த இலங்கைத் தமிழர் ஒருவரின் கோரிக்கையில் அந்தப் பிரதிநிதி நான். சட்டத்தரணிக்கு அறிவுறுத்தல் கொடுப்பதும், எந்தச் சான்றை முன்வைப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பதும், இயன்றவரை எல்லாவற்றையும் அவருக்கு விளக்குவதும் என் பொறுப்பாக இருந்தன. கோரிக்கை ஏற்கப்பட்டுவிட்டது. ஆனாலும் விசாரணைக்கு முந்திய வாரம் எங்களுக்குள் நடந்த பேச்சு என்னை விட்டுப் போகவில்லை.

அன்று அவர் வைத்தியசாலைக் கடிதத்தின் பிரதியைக் கொண்டுவந்திருந்தார். நோயின் பெயர் இருந்த வரியை நீலப் பேனாவால் அழுத்தி அழுத்தி அடித்ததில் அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

"தங்கச்சி, இதைக் குடுக்க வேண்டாம்" என்றார்.

"குடுக்காட்டி திகதியள் ஏன் மாறுதெண்டு அவைக்கு விளங்காது அண்ணை."

"நாலாம் மாடியிலையும் எனக்காக ஆரோதான் எழுதினது. சிங்களத்திலை. நான் கையெழுத்து மட்டும் வைச்சனான். இப்ப நீங்களும் எழுதுறீங்கள்."

நாலாம் மாடி என்று அவர் சொன்னது கொழும்பில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் விசாரணைத் தளத்தை. இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றில் சான்றாக ஏற்க இடமளித்தது. தமக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்டதன் கீழ் கையெழுத்திட்டவர்களின் கதைகளை இந்த வேலையில் இருக்கும் எவரும் கேட்டிருப்பார்கள். அந்த அறையில் நடந்ததையும் நான் செய்ததையும் ஒன்றாக வைக்க முடியாது என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். நோக்கம் வேறு, விளைவு வேறு. ஆனால் அவர் பேசியது நோக்கத்தைப் பற்றியல்ல.

நான் ஏன் கடிதத்தைக் கொடுத்தேன் என்பதற்குக் காரணம் உண்டு. தான் கைதான ஆண்டாக விமான நிலையத்தில் அவர் சொன்னது ஒன்று, படிவத்தில் இருந்தது இன்னொன்று. முரண்பாடு என்றால் நம்பகத்தன்மை இல்லை என்று முடிவுகட்டப்படுவது இங்கே புதிதல்ல. மறுக்கப்படும் அகதிக் கோரிக்கைகளில் பல அதில்தான் விழுகின்றன. சுவருக்குப் பின்னால் அதிகாரிகள் பேசுவது இன்றும் கேட்கிறது என்று சொல்லும் ஒருவருக்குத் திகதிகள் ஏன் நிலைகொள்வதில்லை என்பதை விளக்க, அந்தக் கடிதத்தை விட்டால் எங்களிடம் வேறெதுவும் இருக்கவில்லை. முதலில் அவருடைய சட்டத்தரணியே கேள்வி கேட்க வேண்டும், இடையிடையே ஓய்வு வேண்டும் என்று சபையின் 8ஆம் வழிகாட்டு நெறியின் கீழ் நாங்கள் கேட்ட சலுகைகளுக்கும் அதுவே ஆதாரம். 2015இல் கந்தசாமி வழக்கில், ஓர் இலங்கைத் தமிழ் இளைஞரின் உளநல அறிக்கையை குடிவரவு அதிகாரி கையாண்ட விதத்தைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அது மனிதாபிமான அடிப்படையிலான விண்ணப்பம் என்றாலும், உளநலச் சான்றுக்கு இப்போது ஓரளவு மதிப்பு உண்டு என்ற தைரியத்தை அது எங்களுக்குத் தந்திருந்தது.

நோயைக் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றும் அவர் பயந்தார். அந்தப் பயத்தைப் பிரமை என்று தள்ளிவிட முடியாது. மருத்துவ, சமூக சேவைகளுக்கு மிகையான சுமை வரும் என்று கருதினால், சாதாரணக் குடிவரவு விண்ணப்பத்தைக் கனடாவின் அதே குடிவரவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவின் கீழ் மறுக்கலாம். அகதியாக ஏற்கப்பட்டவருக்கு அது பொருந்தாது என்று விளக்கினேன். தலையாட்டினார். அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது.

அவர் தந்த பிரதியை நான் சமர்ப்பிக்கவில்லை. சில மாதங்களுக்கு முன்பு, சற்றுத் தெளிவாக இருந்த காலத்தில், பதிவுகளைப் பெறுவதற்கு அவர் சம்மதப் படிவம் ஒன்றில் ஒப்பமிட்டிருந்தார். அதைக் காட்டி வைத்தியசாலையில் கிழியாத பிரதியொன்றை எடுத்தேன். கையெழுத்து அவருடையதுதான், சட்டப்படி குறையேதும் இல்லை.

தெளிவாக இருந்த காலம் என்று எழுதுகிறேன். அதை முடிவுசெய்தது யார்? அவர் எங்களுடன் ஒத்துப்போன நாட்களைத் தெளிவு என்றும், மறுத்த நாட்களை நோயின் பேச்சு என்றும் நாங்கள் கணக்கு வைத்துக்கொள்கிறோம். சட்டத்தரணி, வைத்தியர், நான் எல்லோருமே அப்படித்தான். அவர் உண்மையில் மிகவும் சுகவீனமாக இருந்தார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கடிதம் பற்றி அவர் சொன்ன வாக்கியங்களில் குழப்பம் எதுவும் இருக்கவில்லை.

விசாரணையின் முடிவில், மேலும் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று விசாரித்த சபை உறுப்பினர் கனிவாகவே கேட்டார். "அவ எல்லாம் சொல்லிப்போட்டா" என்றார் அண்ணை. மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே மொழிபெயர்த்தார். ஆங்கிலத்தில் அது நன்றி சொல்வதுபோலக் கேட்டது.

நிரந்தர வதிவிட விண்ணப்பத்தை நிரப்ப அவர் என்னிடம் வரவில்லை. கோபமா, மருந்தை நிறுத்திவிட்டாரா என்று தெரியவில்லை, இரண்டாவதாக இருக்கலாம் என்று என் மனம் சட்டென்று ஓடுவதையும் கவனிக்கிறேன். மறுபடியும் அந்த வாரம் வந்தால் கடிதத்தைக் கொடுக்கவே செய்வேன். அது இல்லாமல் அவர் இன்று கொழும்பில் இறங்கியிருக்கவும் கூடும். விசாரணையை ஒத்திவைக்கக் கேட்டு, அவரே இணங்கும்வரை காத்திருந்திருக்கலாமே என்று சக பணியாளர் ஒருவர் சொன்னார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். அவரிடமும் பதில் இருக்கவில்லை.