மன்னார்குடிப் பக்கம் கபடி கோச் வேலைக்கு வந்த வழி

இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் போதுமா, என்.ஐ.எஸ். என்ற தேசிய விளையாட்டு நிறுவனத்தின் கோச் படிப்பு வேண்டுமா என்றுதான். இரண்டும் உதவும். பாட்டியாலாவில் 1961 முதல் இயங்கும் என்.ஐ.எஸ்.-இன் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பு எனக்குப் பெரிய பலம், அடிபடாமல் விழுவதற்கு எப்படிப் பழக்குவது என்பதையே அங்கேதான் முறையாகப் படித்தேன். ஆனால் சான்றிதழைப் பார்த்து எந்த அம்மாவும் பெண்ணைத் திடலுக்கு அனுப்பவில்லை.

"ஏன் டீச்சர், கைகால் ஒடிஞ்சா நாளைக்கு யாரு கட்டிக்குவா?" இதற்குப் பதில் சொல்லத்தான் வீடு வீடாக நடந்தேன். முதலில் அந்த அம்மாக்களையே திடலுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தேன், பிள்ளைகளுக்கு டிராக் பேண்ட், டீ சர்ட் போதும் என்றேன், அப்புறம்தான் ஒவ்வொருத்தியாக வந்தார்கள்.

பயிற்சி நேரத்தை முடிவு செய்வது கோச் இல்லை, காவிரி ஆறு. ஜூனில் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் அம்மாக்கள் நடவுக்குப் போய்விடுவார்கள், மூத்த பெண்தான் தம்பி தங்கையைப் பார்க்க வேண்டும். சரி, அவர்களையும் தூக்கிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டேன், ஓரத்தில் பாய் விரித்து உட்காரவைத்துவிட்டுப் பயிற்சி நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திடல் சேறு, அப்போது பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் உடற்பயிற்சி மட்டும்தான். சம்பா அறுப்புக்குப் பிறகு வயல் கிடைக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள், ஆனால் அறுப்புக்கு முன்பே உளுந்து தெளித்திருப்பார்கள். அதனால் கோயில் திடலைக் கேட்டு வாங்க ஊர்ப் பெரியவர்களிடம் பேசிப் பழகியிருக்க வேண்டும். பெண்கள் ஆட்டத்துக்கு 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் இருந்தால் போதும், சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டுக்கொள்ளலாம்.

காசு விஷயம் சுருக்கமாக: ஆரம்பத்தில் இதில் மட்டும் பிழைக்க முடியாது. நான் பகலில் தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர், சாயங்காலம் திடல். நன்கொடை வாங்க, வங்கிக் கணக்கு தொடங்க, 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தில் உங்கள் குழுவைச் சங்கமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், குறைந்தது 7 உறுப்பினர்கள் வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபைல் போடுங்கள், பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிச் சான்று எல்லாம் அதில் இருக்கட்டும். வயதுச் சான்று சரியில்லாமல் நன்றாக ஆடுகிற பிள்ளை வெளியே உட்கார்வதைப் பார்ப்பது மாதிரி வேதனை வேறு இல்லை. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கு எந்தப் போட்டியின் சான்றிதழ் செல்லும் என்பதையும் பெற்றோரிடம் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் வடுவூர் அபினேஷ் இருந்தார். பக்கத்து ஊர்ப் பையன்! அதற்கப்புறம் அப்பாக்களே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். பிளஸ் டூ முடித்த பெண்கள் இரண்டு பேர் இப்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள், அவர்களுக்குப் பஸ் காசும் டீச்செலவும் சங்கக் கணக்கிலிருந்து போகிறது.