பாண்டி பஜாரில் நடக்க இடம்

2019 நவம்பரில் சென்னை பாண்டி பஜாரின் தியாகராய சாலையில் அகலமான நடைபாதை திறக்கப்பட்டபோது, "கார் நிறுத்த இடமில்லையென்றால் யார் வருவார்கள்?" என்று எங்கள் வளையல் கடையில் சித்தப்பா புலம்பித் தீர்த்தார். காரில் வந்து வளையல் வாங்கியவர்களை நான் பார்த்ததே அபூர்வம். மாம்பலத்தில் ரயிலிறங்கி, ரங்கநாதன் தெரு நெரிசலில் நசுங்கி வருபவர்கள்தான் அதிகம். இப்போது பாட்டி வெளியே இருக்கையில் காலாற உட்கார்ந்திருக்க, பேத்தி கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். அவசரமில்லாதவர்களே இன்னொரு டஜனும் வாங்குகிறார்கள்.

நடைபாதை வியாபாரிகளை அதற்கு முன்பே மாடிக் கட்டடத்துக்கு அனுப்பியதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. சீப்பும் ரிப்பனும் வாங்க யார் படியேறுவார்கள்? இந்தத் தெருவுக்குக் கூட்டம் சேர்த்ததே அவர்கள்தானே!

பனகல் பூங்கா மெட்ரோவால் சித்தப்பாவின் கார் கவலை தீரும். ஆனால் அதைக் காட்டியே வாடகையை உயர்த்தக் கட்டட உரிமையாளர் அடிபோடுகிறார்.